கிள்ளக் கிள்ள ஏன் துளிர்க்கிறது?

மூணாறிலிருந்து தேவிகுளம் வழியாகப் போடிமெட்டுக்குப் போகிற பாதையில் வந்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டின தூரம் வரை பாய் விரித்த மாதிரி தேயிலைதான். அந்தப் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். அம்மா கொழுந்து எடுத்தார். எங்கள் லயத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் கவாத்து பண்ணாமல், அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்காமல், விட்ட ஒரு தேயிலை நின்றது. கூரைக்கு மேலே வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்துக் காய்த்துக் கிடந்தது. அதுவும் தேயிலைதான் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. "கிள்ளக் கிள்ளத்தான்டா கொழுந்து. விட்டா மரமாப் போயிரும்" என்றார் அம்மா.

கிள்ளினால் ஏன் துளிர்க்க வேண்டும்? வெட்டுப்பட்ட செடி வாடத்தானே செய்யணும்?

ஒரு கொழுந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் சுருண்ட மொட்டு, அடுத்து இரண்டு இளம் இலை. கிள்ளுகிற இடத்துக்குக் கீழே ஒரு முற்றின இலை இருக்கும். அந்த இலையின் கக்கத்தில், தண்டோடு ஒட்டினாற்போல, நொய்யரிசி அளவுக்கு ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. எல்லாமே உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் தூங்குகின்றன. மேலே நுனி இருக்கிற வரைக்கும் அவற்றுக்கு விழிப்பு இல்லை. நுனி போனால் சில நாளில் அந்த நொய்யரிசி தடித்து, செதில் விரிந்து, புதுக் கொழுந்தாகக் கிளம்பும்.

நுனி எதைச் சொல்லித் தூங்க வைக்கிறது என்பதை 1930களிலேயே பிடித்துவிட்டார்கள். கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியின் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் கலந்த அகர் (ஜெல்லி மாதிரியான பொருள்) துண்டை வைத்தார்கள். நுனி இல்லாமலேயே மொட்டுகள் தூங்கின. ஆக, நுனியின் குரல் ஆக்சின். நுனியின் இளம் இலைகளில் உருவாகி, தண்டு வழியாக மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அது கீழே இறங்குகிறது.

சரி, குரல் கிடைத்துவிட்டது. அதைக் கேட்கும் காது எது? அதற்குப் பதில் கிடைக்க இன்னும் எழுபது வருடம் ஆனது. அந்த வேலையில் ஒட்லின் லெய்சர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானியின் பங்கு எனக்கு மிகவும் பிடித்தது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மார்க் எஸ்டல் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவர்கள் பார்த்தது கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி, அராபிடாப்சிஸ். ஆறேழு வாரத்தில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும். ஆக்சினுக்குச் செவி சாய்க்காத ஒரு ரகம் அதில் இருந்தது. புதர் மாதிரிக் கிளைத்து நிற்கும். எந்த ஜீன் பழுதானால் இப்படி ஆகிறது என்பதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் தரும் புரதம், செல்லுக்குள் வேண்டாத புரதங்களுக்கு 'இதை அழி' என்று முத்திரை குத்துகிற கூட்டத்துக்கு உறவுக்காரன் போல் இருந்தது. வளர்ச்சி ஹார்மோனுக்கும் அழிப்பு வேலைக்கும் என்ன உறவு?

மலை ரோட்டில் லாரியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுப்போம் இல்லையா? செல்லுக்குள்ளும் அப்படித்தான். ஆக்சினுக்கு வேலை செய்ய வேண்டிய ஜீன்கள் எப்போதும் கிளம்பத் தயாராகவே நிற்கின்றன. ஒரு தடைப் புரதம் கல்லாகக் கிடந்து அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆக்சின் வந்து லாரியைத் தள்ளுவதில்லை. கல்லை எடுத்துவிடுகிறது. டிஐஆர்1 என்ற இன்னொரு புரதத்தின் குழியில் ஆக்சின் போய் உட்கார்ந்ததும், அந்தக் குழி தடைப் புரதத்தைப் பசை போட்ட மாதிரி இறுகப் பிடித்துக்கொள்கிறது. முத்திரை விழுகிறது, தடை சிதைக்கப்படுகிறது, ஜீன் ஓடத் தொடங்குகிறது. டிஐஆர்1தான் அந்தக் காது என்று 2005இல் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று எஸ்டலின் குழு, மற்றொன்று அதற்குள் யார்க் பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் வைத்திருந்த லெய்சரின் குழு. பழைய ஆசிரியரும் அவரிடம் வேலை பார்த்தவரும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்புறமும் ஒரு முடிச்சு பாக்கி. தண்டில் இறங்கும் ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை. நுழையாமல் எப்படித் தூங்க வைக்கிறது?

லெய்சர் சொல்லும் விளக்கத்தை எங்கள் ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். சீசன் நாளில் மூணாறு மெயின் ரோட்டில் வண்டி நகராது. எஸ்டேட் பாதையிலிருந்து வரும் ஜீப் முகப்பில் காத்து நிற்க வேண்டியதுதான். மொட்டும் ஆக்சின் தயாரிக்கும். அதைத் தண்டுக்குள் அனுப்ப முடிந்தால்தான் கிளையாக வளர முடியும். நுனியிலிருந்து வரும் ஆக்சினால் தண்டு நிரம்பியிருந்தால் பக்கத்து மொட்டுக்கு இடம் கிடைக்காது. நுனியைக் கிள்ளியதும் ரோடு காலி.

வேரிலிருந்தும் ஒரு குரல் வருகிறது. அதன் பெயர் ஸ்ட்ரைகோலாக்டோன். கரும்பு, சோளத்தில் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லி தெரியுமல்லவா, அதன் விதையை முளைக்கத் தூண்டுகிற பொருளாகத்தான் இதை 1966இல் பருத்தி வேரில் முதலில் பிரித்தெடுத்தார்கள். கிளைப்பதை அடக்கும் ஹார்மோனும் இதுவே என்பது 2008இல்தான் தெரிந்தது. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் வேர் இதை அதிகம் சுரக்கும். தண்டில் ஆக்சினை ஏற்றி அனுப்பும் புரதங்களை இது குறைத்துவிடுவதால் மொட்டுகளுக்கு வழி இன்னும் நெருக்கடியாகிறது. சத்தில்லாத மண்ணில் செடி கிளையைச் சுருக்கிக்கொள்வது இப்படித்தான்.

லெய்சரின் கணக்கில் எல்லாம் அடங்கிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டின் பெவரிட்ஜின் குழு பட்டாணிச் செடியில் பார்த்தது வேறு. நுனியை வெட்டிய சில மணி நேரத்திலேயே, ஆக்சின் குறைந்த செய்தி எட்டும் முன்பே, கீழே உள்ள மொட்டுகள் அசைய ஆரம்பித்துவிடுகின்றன. முதலில் எழுப்புவது சர்க்கரை என்று 2014இல் சொன்னார்கள். நுனி இருக்கும்வரை சர்க்கரையைப் பெரும்பாலும் அதுவே இழுத்துக்கொள்கிறது. நுனி போனால் பங்கு மொட்டுக்கு வருகிறது. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடப்பதாகத் தோன்றுகிறது. சர்க்கரை தட்டி எழுப்புகிறது, எழுந்தது கிளையாக நீள்வதற்கு ஆக்சினுக்கு வழி வேண்டும்.

சர்க்கரைக் கணக்கு எஸ்டேட்டுக்குப் புதிதல்ல. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை கவாத்து பண்ணும்போது செடியில் இலையே மிஞ்சாது, வெறும் கொம்புதான் நிற்கும். வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் சர்க்கரையாக மாறி மொட்டுகளுக்குப் போகணும். அதனால் கத்தி வைப்பதற்கு முன்பு, பென்சில் கனத்தில் ஒரு வேரை வெட்டி, வெட்டுவாயில் அயோடின் சொட்டு விடுவார்கள். கருநீலமாக மாறினால் சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளிறிக் கிடந்தால் தள்ளிப்போடுவார்கள், அல்லது ஓரத்தில் சில கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். சின்ன வயதில் ஒரு முறை அந்த வேர்த் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் வெள்ளையாக இருந்த வெட்டுவாயில் மையைக் கொட்டினாற்போல் நிறம் பரவியது. மூன்று மாதம் கழித்து அதே காட்டில், அந்தக் கருத்த கொம்புகளின் மேல், கிள்ளும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பை வைத்து அம்மா முதல் கொழுந்தைக் கிள்ளினார்.