அடைப்பு அல்ல, குறுகல்

ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கழுத்து டாப்ளர் ஸ்கேன் அறிக்கையில் ‘கரோட்டிட் ஸ்டெனோசிஸ்’ என்று இருந்தால், வீட்டாரிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்: “கழுத்து நரம்புல அடைப்பு.” மூன்றே சொல், அதில் இரண்டு பிழை.

நரம்பில் ரத்தம் ஓடாது. ஓடுவது தமனியில், இலங்கைப் பாடநூல்கள் நாடி என்கின்றன, அதுவும் சரி. கரோட்டிட் என்பதன் கிரேக்க வேர் மயக்கத்தில் ஆழ்த்துவதைக் குறிக்கும். இந்தக் குழாயை அழுத்தினால் மயக்கம் வரும் என்று பழைய கிரேக்கர் கருதினார்கள். நமக்கு இடத்தால் பெயரிட்டாலே போதும்: கழுத்துத் தமனி. ‘ஸ்டெனோஸ்’ என்றால் குறுகிய என்று பொருள்.

குறுகிய என்று சொல்லிலேயே இருக்க, அடைப்பு எங்கிருந்து வந்தது? முழுதாக மூடிப்போவதற்கு மருத்துவத்தில் ‘அக்லூஷன்’ என்று வேறு சொல் இருக்கிறது. அதுதான் அடைப்பு. டாப்ளரில் இரண்டும் நேரெதிர். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். வினாடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் 50 சதவீதமோ அதற்கு மேலோ குறுகியிருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அடைபட்ட குழாயில் ஓட்டமே இராது. சிகிச்சையும் வேறு. பக்கவாத அறிகுறி வந்து, 70 முதல் 99 சதவீதம் வரை குறுகியிருந்தால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் பலன் தரும். முழுதும் அடைபட்டுவிட்டால் பொதுவாக அதைச் செய்வதில்லை.

‘பாதி அடைப்பு’ என்று சொன்னால் ஆகாதா என்பார்கள். அந்தப் ‘பாதி’ வீடு போய்ச் சேர்வதில்லை. உறவினருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அடைப்பு மட்டுமே மிஞ்சுகிறது. கேட்பவர், குழாயில் சிக்கிய ஏதோ ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார். கொழுப்புப் படிவு இருப்பது தமனியின் சுவருக்குள். அதிலிருந்து துணுக்கோ ரத்தக்கட்டியோ பெயர்ந்து மூளைக்குப் போவதுதான் பெரிய ஆபத்து. அறிகுறி இல்லாத லேசான குறுகலுக்கு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுதல் இவைதான் வழி. அடைப்பு என்று கேட்டவர் இதை நம்புவாரா?

சிலர் ‘சுருக்கம்’ என்று எழுதுகிறார்கள். தசை சுருங்கும், பிறகு விரியும்; இந்தப் படிவு அப்படித் தளர்ந்துகொடுக்காது. ‘குறுக்கம்’ என்றால் இலக்கணத்தில் வரும் ஐகாரக்குறுக்கம் நினைவுக்கு வருகிறது. அங்கே குறைவது எழுத்தை ஒலிக்கும் நேரம், அகலம் அல்ல. குறுகலான சந்து என்றால் எல்லோருக்கும் புரியும். பிறகு ‘அடைப்புதான் எளிய தமிழ்’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் சாதிப்பது ஏன்? குறுகலில் என்ன கடினம்? “இடது கழுத்துத் தமனியில் 40 சதவீதக் குறுகல்” என்று எழுதுங்கள். அறிக்கை சொல்வதும் அதைத்தான்.