இரண்டு அட்டைகள் சந்திக்கும் இடம்

போரில் காணாமல் போனவரைத் தேடுவது என்றதும் இடிபாடுகளுக்கு நடுவே அலையும் ஆட்கள்தான் மனக்கண்ணில் வருவார்கள். ஆனால் செஞ்சிலுவை இயக்கத்தின் தேடலில் பெரும்பகுதி மேசை முன் உட்கார்ந்து நடந்தது.

1863-ல் ஜெனீவாவில் பிறந்த பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, காயம்பட்ட வீரர்களைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்டது. ஆனால் உயிர் பிழைத்த செய்தியை வீட்டுக்குச் சேர்ப்பதும் ஒரு சிகிச்சைதான் என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. 1870-ல் பிரான்ஸ்–பிரஷ்யப் போரின்போது பாசல் நகரில் ஒரு தகவல் அலுவலகம் திறந்தார்கள். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெனீவாவில் போர்க்கைதிகளுக்கான அலுவலகம் வந்தது. ராத் அருங்காட்சியகக் கூடங்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களில் பெண்களே அதிகம்.

வேலை இதுதான். "என் மகன் எங்கே?" என்று தாய் எழுதிய கடிதம் ஓர் அட்டையாகும். எதிரி நாடு அனுப்பும் கைதிகள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் இன்னோர் அட்டையாகும். இரண்டையும் ஒரே பெயர் வரிசையில் செருகுவார்கள். கேள்வியும் பதிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஆள் கிடைத்துவிட்டார். இன்று கணினி இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு இணைக்கிறதே, அதையே கையால் செய்தார்கள். அப்படி எழுதிக் குவிந்தவை சுமார் 70 லட்சம் அட்டைகள்.

சரி, பெயரைத் தப்பாக எழுதியிருந்தால்? அட்டை வேறு பெட்டிக்குள் போய்விடும். மகன் உயிரோடு இருந்தும் தாய்க்குத் தெரியாது. நாஜிக் கொடுமையில் சிக்கியவர்களைத் தேட ஜெர்மனியின் பாட் அரோல்சனில் அமைந்த நிலையத்தில் இந்தச் சிக்கல் பூதாகரமாக எழுந்தது. அங்கே 1.75 கோடிப் பேரைப் பற்றிய 5 கோடி அட்டைகள். அப்ரமோவிச் என்ற ஒரு பெயருக்கே 800-க்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்கள்! அதனால் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் எல்லாம் ஓரிடத்தில்.

ஒலியை எப்படி வரிசைப்படுத்துவது? 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையைப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். இன்று புழங்கும் அதன் வடிவத்தில், ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளை நீக்குவார்கள். மெய்களுக்கு எண் தருவார்கள்: 'ம்' ஒலிக்கு 5, 'ட்', 'த்' ஒலிகளுக்கு 3. முதல் எழுத்தோடு மூன்று எண்கள் வேண்டும், குறைந்தால் பூஜ்யம். ஸ்மித், ஷ்மிட் இரண்டுக்குமே கிடைப்பது எஸ்-530.

ஆனால் ஒலி ஒன்றானதால் ஆளும் ஒருவர் ஆகிவிட மாட்டார். பெயரை மட்டும் நம்பி ஒரு குடும்பத்துக்குத் தவறான செய்தி சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. அதனால்தான் தந்தை பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி என்று அத்தனையும் ஒத்துப்பார்க்கிறார்கள்.

அப்புறம் கடைசியாக ஒன்று. ஆளைக் கண்டுபிடித்ததும் முகவரியை உடனே குடும்பத்திடம் கொடுத்துவிடுவதில்லை. முதலில் அவரிடமே போய்க் கேட்கிறார்கள்: "உங்களைத் தேடுகிறார்கள். சொல்லலாமா?"