பாலுண்ணிக்குக் கண்டதையும் பூசாதீர்கள்

குழந்தையின் அக்குளிலோ வயிற்றிலோ முழங்கால் மடிப்பிலோ சின்னச் சின்னதாக, பளபளவென்று, நடுவில் லேசான குழியோடு பருக்கள் கிளம்பினால் அது பெரும்பாலும் மொலஸ்கம்தான். நம் வீடுகளில் பாலுண்ணி என்பார்கள். பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வருவது, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், இது தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போகாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 முதல் 18 மாதங்களில் தானாகவே மறைந்துவிடும், சிலருக்கு இன்னும் இழுக்கும்.

எனக்குக் கவலை வைரஸைப் பற்றி இல்லை, அதன் மேல் பூசப்படுவதைப் பற்றித்தான். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி கிளினிக்கில் கையைத் தூக்கவே மாட்டேன் என்று அழுதாள். மெதுவாகப் பேசித் தூக்கிப் பார்த்தால், அக்குளில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, அடியில் ரத்தச் சிவப்பாக இருந்தது. பாட்டியின் கால் ஆணிக்கு வாங்கிய பிளாஸ்டரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதில் பொதுவாக 40 சதவீதம் சாலிசிலிக் அமிலம் இருக்கும். உள்ளங்கால் மாதிரி தடித்த தோலுக்கு அது சரி, குழந்தையின் அக்குள் என்ன உள்ளங்காலா? சுற்றிலும் இருந்த பருக்கள் அப்படியேதான் இருந்தன.

அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பு, ஆப்பிள் சைடர் வினிகர், பூண்டு எல்லாமே தோலைப் புண்ணாக்கக் கூடியவை. அந்தச் செடிப் பால் பட்ட கையால் குழந்தை கண்ணைத் தேய்த்தால் நிலைமை இன்னும் மோசம். பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம்.

சரி, எதைத்தான் பூசுவது? பல குழந்தைகளுக்கு முதலில் நான் எழுதிக் கொடுப்பது வெறும் மாய்ஸ்சரைசர்தான். நம் ஊர் வெயிலும் வியர்வையும் போய், அப்புறம் ராத்திரி முழுக்க ஏர்கான் என்றால், எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்குத் தோல் வறண்டு அரிக்கும், சொறிந்த நகத்தோடு வைரஸ் பக்கத்துத் தோலுக்குப் போய் ஒரே கோடாக வரிசை கட்டி முளைக்கும். எக்ஸிமாவுக்கு மருத்துவர் கொடுத்த மிதமான ஸ்டீராய்டு கிரீமை, பாலுண்ணி வந்துவிட்டதே என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், அரிப்பு அடங்கினால்தான் பரவுவது குறையும். அதே கிரீமைப் பாலுண்ணிக்கு மருந்தென்று நினைத்துப் பூசவும் வேண்டாம், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

மருந்து தேவைப்படுகிற குழந்தைகளும் உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பருவின் மேல் மட்டும் புள்ளியாக வைப்போம். கேந்தரிடின் என்ற மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-இல் அனுமதி கொடுத்தது, அதை இணையத்தில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்காதீர்கள். கொப்புளம் எழுப்பி வேலை செய்கிற மருந்து அது, மருத்துவர் கையால் வைத்து, சொன்ன நேரத்தில் கழுவ வேண்டும். 2024 ஜனவரியில் பெர்டாசைமர் ஜெல்லுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது, அது வீட்டிலேயே பூசக்கூடியது, ஆனாலும் மருத்துவர் சீட்டு வேண்டும். இமிகிமோட் கிரீம் மட்டும் குழந்தைகளுக்கு வேண்டாம், சோதனைகளில் மருந்தில்லாத கிரீமை விட அது மேலாக எதையும் செய்யவில்லை.

ஒருநாள் பருக்கள் திடீரென்று சிவந்து வீங்கும். பெற்றோர் ஆன்டிபயாடிக் கேட்டு ஓடிவருவது அப்போதுதான். பெரும்பாலும் அது உடம்பு வைரஸை அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்கியதன் அறிகுறி, சில வாரங்களில் பரு உதிர்ந்துவிடும். காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, தொட்டால் கடும் வலி இருந்தால் அன்றே காட்டுங்கள். இமை ஓரத்தில் வந்தாலும் தாமதிக்காதீர்கள், பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) நிபுணரிடம் அனுப்புவார்கள்.

துண்டைத் தனியாக வையுங்கள், அண்ணன் தம்பியை ஒரே தொட்டியில் குளிக்க வைக்காதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நீச்சல் வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை, தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூடி அனுப்புங்கள். பாலர் பள்ளிக்கும் போகலாம், கைகால் வாய்ப்புண் நோய்க்கு வீட்டில் வைத்திருப்பதுபோல இதற்கு வைத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் தயங்கினால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள், எழுதித் தருவோம்.