தோல் ஜாக்கெட் எங்கே இளகும், எங்கே இளகாது

"போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்வது பாதிதான் உண்மை. முழங்கை, முதுகின் குறுக்கு, மார்பு ஆகிய இடங்களில் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். தோள்பட்டை அகலமும் உடல் நீளமும் அக்குள் வெட்டின் உயரமும் அப்படியே நிற்கும். தோலுக்கு அடியில் நெய்த லைனிங் இருக்கிறது; தோல் நீளப் பார்த்தாலும் அது விடாது.

அதனால் முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அங்கே தொளதொளவென்று இருந்தால் எத்தனை வருடம் போட்டாலும் சரியாகாது. ஜிப்பை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளங்கையைத் தட்டையாக ஜாக்கெட்டுக்கும் மார்புக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் அளவு சரி. முஷ்டியே தாராளமாகப் போனால் பெரிது. ஜிப் அலை அலையாக நெளிந்தால் சிறிது.

கை நீளத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புதிதில் ஜாக்கெட்டின் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். முழங்கையில் மடிப்புகள் படிந்ததும் அந்த நீளத்தை அவையே எடுத்துக்கொள்ளும். வாங்கிய வாரமே கையை வெட்டித் தைத்தால் சில மாதங்களில் மணிக்கட்டு வெளியே தெரியும். வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. தையலைப் பிரித்து அகலப்படுத்தலாமே என்றால், பழைய ஊசித் துளைகள் வரிசையாக வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். துணியைப் போலத் தோலில் துளை மூடாது.

சிங்கப்பூரில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. டிசம்பர் விடுமுறைக்குக் குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் இங்கே டி-ஷர்ட்டின் மேல் போட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். தென்கொரியாவின் சோல் நகரில் இறங்கி ஸ்வெட்டரின் மேல் போட்டால் ஜிப் ஏறாது. உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரையும் கடைக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளில் ஜோகூர் தாண்டிப் போகிறவர்கள் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கிறார்கள். விழும்போது அந்தத் தளர்ச்சியில் முழங்கைக் கவசம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அடி எலும்பில் விழும். கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்த நிலையில்தான் ஓட்டுநர் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆட்டுத்தோல் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர், முதல் நாளிலிருந்தே மென்மையாக இருக்கும். ஓட்டுநர்கள் போடும் மாட்டுத்தோல் 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர், அது பழக மாதக்கணக்கில் ஆகலாம். ஏர்கான் அறையில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு கையை மடக்கி நீட்டி வேலை பாருங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. தண்ணீரில் ஊறவைப்பதும் ஹேர் டிரையரில் சூடாக்குவதும் வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் தோலின் நார்கள் சுருங்கி விறைத்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். நிறம் கறுத்துப்போகும், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணத்துக்கும் தீனியாகும். தோலுக்கான கண்டிஷனரையே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மெல்லிசாகத் தடவினால் போதும்.

இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 65, 70 விழுக்காட்டுக்கு மேல் போனாலே தோலில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் காற்றோட்டம் குறைந்த பாம் ஷெல்டரில் (தடித்த கான்கிரீட் பாதுகாப்பு அறையில்), பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கவிட்ட ஜாக்கெட்டின் காலரில் வெள்ளைப் பொடி படிவது இதனால்தான். அகலமான தோள் உள்ள ஹேங்கரில், துணி உறை போட்டு, ஈரப்பதத்தை 45 முதல் 55க்குள் வைத்திருங்கள். அலமாரியில் தொங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் கவனம் தேவை. அதில் சேரும் நீர் கால்சியம் குளோரைடு கரைசல். தோலில் சிந்தினால் அந்த இடம் சுருங்கி அட்டை போல விறைத்துவிடும், பிறகு எதைத் தடவினாலும் இளகாது. டப்பாவை ஜாக்கெட்டுக்கு மேலேயோ ஒட்டியோ வைக்காதீர்கள். நீர் நிரம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

போட்டுக் கழற்றிய ஜாக்கெட்டை உடனே அலமாரிக்குள் வைக்க வேண்டாம். காலர், கைமுனை, அக்குள் ஆகிய இடங்களில் வியர்வை உப்பு தங்கித் தோலை விறைக்கச் செய்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாமல் மின்விசிறியின் கீழ் ஓர் இரவு தொங்கவிடுங்கள். உள்ளே முழுக்கை பருத்திச் சட்டை போட்டால் பாதி வேலை மிச்சம்.

பூஞ்சணம் வந்துவிட்டால், வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். பிறகு மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து விசிறியில் உலர்த்துங்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் கண்டிஷனர்.

இவையெல்லாம் உண்மையான தோலுக்கு மட்டும். பியு (PU) எனும் செயற்கைத் தோல் ஜாக்கெட் பழகாது, உரியும். காற்றின் ஈரம் அந்த பாலியூரித்தேன் பூச்சைச் சிதைப்பதால், போடாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் செதில் செதிலாகக் கொட்டும். வாங்கும்போது பாக்கெட் ஓரம் அல்லது உள்மடிப்பில் வெட்டு முனையைப் பாருங்கள். தோலில் நார் நாராகத் தெரியும். பியுவில் துணி மேல் மெல்லிய ஏடு ஒட்டியிருக்கும். அந்த ஏடு உரிய ஆரம்பித்த ஜாக்கெட்டுக்குப் பழுதுபார்க்கக் காசு கொடுக்க வேண்டாம்.