பதினேழாவது வளைவில் மூச்சு முட்டுவது ஏன்?

"மே மாதக் கூட்டத்தில் ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் வண்டிகள் நின்றுவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது, உதடும் விரலும் மரத்துப்போகின்றன. மேலே ஆக்சிஜன் குறைவு என்பதாலா?" என்று அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் குறைவு. நலமான நுரையீரல் அதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். சேலம் நகருக்குள் ஐந்து ரோடு சந்திப்பில் நெரிசலில் மாட்டிக்கொண்டாலும் இதே முட்டல் பலருக்கு வருகிறது. அங்கே எந்த மலை இருக்கிறது?

ஆபத்து என்று மூளை முடிவுகட்டினால் அட்ரினலின் சுரக்கும், இதயம் விரையும், மூச்சு கூடும். இது பள்ளிப் பாடம். நாய் துரத்தி ஓடினால் கணக்கு நேராகிவிடும்: தசைகள் கூடுதலாக உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதல் மூச்சு வெளியேற்றும். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கோ தசையில் வேலையே இல்லை. மூச்சு மட்டும் ஓடுகிறது. விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு, ஒவ்வொன்றும் அரை லிட்டர். இதிலேயே ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட முழுக்கவே நிரம்பியிருக்கிறது. இன்னும் வேகமாக இழுத்தால் ஆக்சிஜன் ஏற இடமில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று இறங்கும். கழிவு என்று நாம் ஒதுக்கும் இந்த வாயுவை வைத்துத்தான் மூளை தன் ரத்தக் குழாய்களைத் திறந்து மூடுகிறது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரசம். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறத்தாழ 3 சதவீதம் குறைகிறது. 40 என்பது 30 ஆனால் கால்பங்கு வெட்டு. தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு, கார்பன் டை ஆக்சைடு குறையும்போது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிறிஸ்டியன் போர் 1904-இல் கண்டு சொன்னது இது. அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் அப்பா அவர். ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்வதால் அதில் கரைந்துள்ள கால்சியம் அயனிகள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, நரம்புகள் தாமாகவே துடிக்க ஆரம்பிக்கும். வாசகர் சொன்ன மரமரப்பு அதுதான். முற்றினால் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விறைத்துக் கூம்பி, கட்டைவிரல் உள்ளே போய்விடும். மலைப்பாதையில் இப்படிக் கை முறுக்கிக்கொண்டால் 'காத்து கருப்பு அடிச்சிருச்சு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மந்திரிக்கும் நேரத்தில் மூச்சு தணிகிறது, கை தானாகத் திறக்கிறது, பேர் தாயத்துக்குப் போகிறது.

சரி, காற்று இத்தனை இருந்தும் முட்டுவதேன்? அவசரத்தில் முழுசாக வெளியே விடாமலே அடுத்த மூச்சை இழுக்கிறோம். நெஞ்சுக்கூடு பாதி நிரம்பியே நிற்கிறது. நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? ஆகவே "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்லும் யோசனை நேர்மாறானது.

முதலில் விட வேண்டும். ஓட்டுபவர் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடியே செய்யலாம். சூடான பாலை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து 6 விநாடி வெளியே. மூக்கால் 4 விநாடி உள்ளே. நிமிடத்துக்கு ஆறு. இழுக்கும் அளவு வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடலாம்; நெஞ்சைத் தூக்கி இழுத்தால் எண்ணிக்கை குறைந்தும் பயனில்லை. மூன்று, நான்கு நிமிடம் தொடர்ந்தால் விரல் தெளியும். நடுவில் இரண்டு பெருமூச்சு விட்டாலே சேர்த்ததெல்லாம் போய்விடும். பலருக்கும் தவறுவது இங்கேதான். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள்: உள்ளிழுக்கையில் விரைந்து, வெளிவிடுகையில் தளரும். மூளையிலிருந்து வந்து இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது.

காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும். நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி, உடம்பு வியர்த்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பிராணாயாமத்தை மேடையில் புகழ்வதற்கு ஆகும் செலவில் கொஞ்சத்தை, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவிகளை நம் கல்லூரிகளுக்கு வாங்கித் தரச் செலவிடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு செலவும் உண்டு. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரைக் கணினித் திரையில் கற்களைப் புரட்டச் சொன்னார்கள்; அடியில் பாம்பு இருந்தால் கையில் மின் அதிர்ச்சி. நிச்சயமாக அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி நிலையில் இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நெரிசலில் நம்மை வாட்டுவதும் காத்திருப்பைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமைதான். "11-ஆம் வளைவில் பேருந்து நிற்கிறது, 25 நிமிடம் ஆகும்" என்று அடிவாரத்தில் ஒரு மின்பலகை சொன்னால் போதும். வளைவுகள் இருபதுக்கும் ஏற்கெனவே எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி வேலை முடிந்துவிட்டது.