அடம்பிடிக்கும் குழந்தை அகப்படும், 'சமத்து' நழுவிவிடும்

மழலையர் பள்ளியில் மனநல ஸ்கிரீனிங் (சிக்கல் இருக்கலாமா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனை) என்றதும் முதலில் அனுப்பப்படுவது கடிக்கிற, அடிக்கிற, ஓரிடத்தில் உட்காராத குழந்தைகள்தான். யாருக்கும் தொந்தரவு தராமல் மூலையில் இருக்கும் குழந்தைக்கு 'சமத்து' என்ற பட்டம். வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காத குழந்தைக்கு 'செலக்டிவ் மியூட்டிசம்' என்ற பதற்றக் கோளாறு இருக்கலாம். (பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இதில் சேர்க்கக் கூடாது. புது இடத்தில் வாயடைத்துப்போவது இயல்பு.) புகார் வந்த குழந்தைகளை மட்டும் பார்ப்பது ஸ்கிரீனிங் ஆகாது, வகுப்பு முழுவதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு அதிகம் பயன்படுவது மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. கேள்வித்தாள். குழந்தையின் பலங்களையும் சிக்கல்களையும் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்புவது. 2 முதல் 4 வயதுவரை உள்ளவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. மொத்தம் 25 வாக்கியங்கள். உணர்ச்சிச் சிக்கல், நடத்தை, துறுதுறுப்பும் கவனக்குறைவும், மற்ற குழந்தைகளோடு பழகுவது, உதவும் குணம் என ஒவ்வொன்றுக்கும் ஐந்து. 'உண்மையில்லை', 'ஓரளவு உண்மை', 'நிச்சயம் உண்மை' என்ற விடைகளுக்கு 0, 1, 2 என மதிப்பெண். முதல் நான்கு பகுதிகளை மட்டுமே கூட்ட வேண்டும், உச்சம் 40. உதவும் குணத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் நல்ல குழந்தைக்கும் எண் எகிறும்.

தவறு பெரும்பாலும் கூட்டலில்தான் நடக்கிறது. 'சொன்னபடி கேட்கும்' என்பதுபோல ஐந்து வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். இது அடிக்கடி மறந்துபோகிறது. இன்னொன்று, யோசிக்க நேரமில்லாத பெற்றோர் எல்லாவற்றுக்கும் 'ஓரளவு உண்மை' என்று குறிப்பது. அப்படிக் குறித்தால் மொத்தம் சரியாக 20 வரும். அது கவலைக்குரிய எண். 20 என்று கண்டதும் பயப்படாமல், படிவத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மொத்த எண்ணைவிட நாங்கள் மதிப்பது பின்பக்கத்தைத்தான். இந்தச் சிக்கலால் குழந்தை வருந்துகிறதா, வீட்டிலும் நட்பிலும் கற்பதிலும் தடை வருகிறதா என்று அங்கே கேட்பார்கள். எண் குறைவாக இருந்தும் இங்கே 'ஆம், நிறைய' என்று வந்தால் விட்டுவிடக் கூடாது. பெற்றோர் படிவமும் ஆசிரியர் படிவமும் முரண்பட்டால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. எந்த இடத்தில் சிக்கல் எழுகிறது என்பதற்கு அதுவே தடயம்.

ஆட்டிசத்துக்குத் தனியாக எம்-சாட் என்ற கேள்வித்தாளின் திருத்திய வடிவம் உண்டு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, 20 கேள்விகள். மதிப்பெண் 3 முதல் 7 வந்தால் தொடர்கேள்விகள் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால் பல வீடுகளில் வீண் பீதி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே நிபுணரிடம். பேசிய சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால் எந்தப் படிவத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

எண் அதிகமென்றால் காதையும் தூக்கத்தையும் முதலில் சோதியுங்கள். சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கிய குழந்தை கூப்பிட்டால் திரும்பாது. குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிற குழந்தை பகலில் ஓயாது ஓடும். இரண்டும் படிவத்தில் நடத்தைச் சிக்கலாகவே தெரியும். அதன் பிறகே முழு மதிப்பீடு. 4, 5 வயதில் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உறுதியானாலும் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி.