நடனமாட ஓர் உரிமம்: நியூயார்க்கின் கேபரே சட்டம் என்ன சொன்னது, யாரைத் தடுத்தது?

நியூயார்க் நகரில் ஓர் உணவகத்திலோ மதுக்கூடத்திலோ வந்தவர்கள் எழுந்து நடனமாட வேண்டுமென்றால், அந்த இடத்தின் உரிமையாளர் அதற்கென்று தனி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 2017 வரை இதுதான் விதி. 1926-ல், மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது பிறந்த சட்டம் இது. மதுவிலக்கு 13 ஆண்டுகளில் முடிந்துபோனது. இந்தச் சட்டம் 91 ஆண்டுகள் வாழ்ந்தது. மதுவிலக்குக் காலத்தின் கள்ளச்சாராயக் கதைகளை ஜாஸ் ரசிகர்கள் பலர் அறிவார்கள். ஆனால் ஜாஸ் கலைஞர்களின் வயிற்றில் மதுவிலக்கைவிடப் பலமாக அடித்தது இந்த உரிமச் சட்டம்தான் என்று நான் நினைக்கிறேன். அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மதுவிலக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க அரசியலமைப்பின் 18-ஆம் திருத்தமும், அதைச் செயல்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டமும் 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தன. அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தப் பானத்தையும் குடிப்பதற்காகத் தயாரிக்கவோ, விற்கவோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லவோ கூடாது. குடிப்பது மட்டும் குற்றமாக்கப்படவில்லை. தடை வருமுன் வாங்கி வீட்டில் வைத்திருந்ததைக் குடிக்கலாம். மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். வழிபாட்டுக்குத் திராட்சை மது வாங்கலாம். மது விற்கும் கட்டடத்தைப் பொதுத் தொல்லை என்று அறிவித்து, ஓராண்டு வரை பூட்டி வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. நியூயார்க்கில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞராக 1925-ல் வந்த எமரி பக்னர், இந்தப் பூட்டுப் பிரிவைத்தான் தன் முக்கிய ஆயுதமாக்கிக் கொண்டார்.

ஆனாலும் இரவு வாழ்க்கை அடங்கவில்லை. மாநில அளவில் இருந்த அமலாக்கச் சட்டத்தை 1923-லேயே நியூயார்க் மாநிலம் ரத்து செய்துவிட்டது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் காட்டன் கிளப் என்ற இரவு விடுதி நடந்தது. அதன் முதலாளி ஓனி மேடன் ஒரு சாராயக் கும்பல் தலைவர். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும் என்பது அங்கே வழக்கம். 1927 டிசம்பரில் ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழு அங்கே வாசிக்கத் தொடங்கியது. வானொலி வழியாக அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1926 மார்ச்சில் சவாய் நடனக்கூடம் திறக்கப்பட்டது. அங்கே வாசலில் யாருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள்; லிண்டி ஹாப் என்ற நடனம் அந்தத் தளத்தில்தான் வளர்ந்து உலகம் சுற்றப் புறப்பட்டது.

கேபரே சட்டம் வந்தது இந்தச் சூழலில்தான். அப்போதைய மேயர் ஜிம்மி வாக்கர். சட்டத்தைப் பரிந்துரைத்த நகர்மன்றக் குழு, இரவு விடுதிகளில் கட்டுமீறல் அதிகமாகிவிட்டது என்றும், காட்டுத்தனமான வெளியாருக்கும் புத்தியில்லாத உள்ளூராருக்கும் கொஞ்சம் கடிவாளம் போட வேண்டும் என்றும் எழுதியது. ஹார்லெமில் இனங்கள் கலந்து பழகுவதே அவர்களை உறுத்தியது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சட்டம் யாருக்குப் பொருந்தியது?

உணவோ பானமோ விற்கும் ஓர் இடத்தில் இசை, பாட்டு, நடனம் அல்லது அதுபோன்ற கேளிக்கை நடந்தால் அது கேபரே. இதுதான் வரையறையின் சாரம். மதுவைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாட்டிலேயே மது விற்க முடியாத காலத்தில் எழுதப்பட்டதால், தேநீரும் சோடாவும் விற்கும் சிறு கடைகூட இந்த வலைக்குள் வந்தது. நடனக் கூடங்களும் இதே சட்டத்தின் கீழ் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உரிமம் கொடுக்கும் பொறுப்பு முதலில் நகரின் உரிமத் துறையிடம் இருந்தது. 1931-ல் அது காவல்துறையின் கைக்குப் போனது. பின்னாளில் நடந்த பல கொடுமைகளுக்கு இந்த மாற்றமே வேர்.

1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கு முடிந்தது. கேபரே சட்டத்தை யாரும் தொடவில்லை. பிறகு வந்த திருத்தங்களில் ஒரு விலக்கு சேர்ந்தது: பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிட்டார் அல்லது தந்தி வாத்தியங்கள் வாசிப்பவர்கள் மூன்று பேருக்கு மிகாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். பட்டியலில் என்ன இல்லை என்று பாருங்கள். டிரம்பெட் இல்லை, சாக்ஸபோன் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஜாஸின் மூச்சும் நாடித்துடிப்பும் எந்தக் கருவிகளில் இருக்கின்றனவோ அவை எல்லாம் விலக்குக்கு வெளியே நின்றன. நான்காவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் விலக்கு போய்விடும்.

காவல்துறை கொடுத்த அட்டை

1940 முதல் இடத்துக்கு மட்டும் உரிமம் இருந்தால் போதவில்லை. அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அட்டை தேவைப்பட்டது. பாடகர், வாத்தியக் கலைஞர், பரிமாறுபவர், சமையல்காரர் என்று எல்லாருக்கும். காவல்துறைக்குச் சென்று கைரேகை பதிந்து, புகைப்படம் கொடுத்து, கட்டணம் செலுத்தினால் அட்டை கிடைக்கும். குற்றவழக்குப் பதிவு இருந்தால், குறிப்பாகப் போதைப்பொருள் வழக்கு என்றால், அட்டை மறுக்கப்படலாம். கையில் இருப்பதும் பறிக்கப்படலாம்.

அட்டை இல்லாதவர் நியூயார்க்கில் எந்தக் கிளப்பிலும் வாசிக்க முடியாது. அரங்கக் கச்சேரிக்கும் ஒலிப்பதிவுக்கும் அட்டை தேவையில்லை, வெளியூரில் வாசிக்கவும் தடையில்லை. கேட்பதற்கு இது பெரிய சலுகைபோல் இருக்கும். ஆனால் ஒரு ஜாஸ் கலைஞருக்கு அன்றாடச் சோறு போட்டது வாரக்கணக்கில் ஓடும் கிளப் நிகழ்ச்சிகள்தான். இரவுக்கு இரவு கலை வளர்ந்ததும் அங்கேதான்.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1947-ல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று, 1948 மார்ச்சில் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதே மாதம் 27-ஆம் தேதி நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் அவர் பாடியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் அதே நகரின் மிகச் சிறிய கிளப் ஒன்றில் பாட அவருக்கு அனுமதி இல்லை. 1959-ல் இறக்கும்வரை அந்த அட்டை அவருக்குத் திரும்பவில்லை. தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்த ஒருவரிடமிருந்து அவருடைய தொழிலையும் வாழ்நாள் முழுக்கப் பறித்துவைத்த இந்த விதியை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951-ல் நண்பரும் பியானோ கலைஞருமான பட் பவலுடன் காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் கைதானார். அட்டை போனது. தன் வாழ்நாளின் செழிப்பான ஆறு ஆண்டுகள் அவர் சொந்த நகரின் கிளப்களில் வாசிக்க முடியாமல் கழித்தார். 1957-ல் அட்டை திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் அவர் நடத்திய தொடர், ஜாஸ் வரலாற்றின் பொற்பக்கங்களில் ஒன்று. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் சில ஆண்டுகள் அட்டை இழந்தார். 1959-ல் பேர்ட்லேண்ட் கிளப் வாசலில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸைப் போலீசார் தலையில் இரத்தம் வழிய அடித்துக் கைது செய்தார்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு பின்னர் தள்ளுபடியானது. கைரேகை பதிய மாட்டேன் என்று பாடகர் பிராங்க் சினாட்ரா மறுத்தார். கிளப்புக்குப் போகாமலும் வாழ்க்கை நடத்தும் வசதி அவருக்கு இருந்தது. 1960-ல் லார்ட் பக்லி என்ற நகைச்சுவைக் கலைஞரின் அட்டை பறிக்கப்பட்டு, சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அதன் பிறகே பொதுமக்களிடம் கோபம் மூண்டது. 1967-ல் அட்டை முறை ஒழிந்தது.

இடத்துக்கான உரிமம் மட்டும் தொடர்ந்தது. வைப்ரஃபோன் என்ற தட்டுவாத்தியக் கலைஞர் வாரன் சியாசனும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், வாத்தியங்களுக்கிடையே பாகுபாடு செய்தது செல்லாது என்று 1986-லும், மூவர் வரம்பு செல்லாது என்று 1988-லும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி இசைக்கு விடுதலை கிடைத்தது, நடனத்துக்குக் கிடைக்கவில்லை. பொழுதுபோக்காக ஆடும் நடனம் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வராது என்று அதன் பிறகும் நீதிமன்றம் சொன்னது. 1990-களில் மேயர் ருடால்ஃப் ஜூலியானி இந்தப் பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பல கிளப்களுக்கு அபராதம் விதித்தார், மூடவும் வைத்தார்.

2017-ல் நகரில் சுமார் 25,000 உணவகங்களும் மதுக்கூடங்களும் இருந்தன. கேபரே உரிமம் வைத்திருந்தவை 97 மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 31-ல், நகர்மன்ற உறுப்பினர் ரஃபேல் எஸ்பினால் கொண்டுவந்த ரத்து மசோதாவை நகர்மன்றம் 44-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேற்றியது. நவம்பரில் மேயர் பில் டி பிளாசியோ கையெழுத்திட்டார். அப்போதும், நகரின் எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று வகுக்கும் நில மண்டல விதிகளுக்குள் நடனத் தடை ஒளிந்திருந்தது. பல பகுதிகளில் கட்டடப் பயன்பாட்டு வகைப்பாடே ஆட்டத்துக்கு இடம் தரவில்லை. 2024 ஜூனில் நகர்மன்றம் ஏற்ற மண்டலச் சீர்திருத்தம் அதையும் தளர்த்தியது. இன்று அங்கே ஒரு மதுக்கூடம் நடத்துபவருக்கு மாநில மது உரிமம் வேண்டும், தீப்பாதுகாப்பு விதிகளையும் ஆள் எண்ணிக்கை வரம்பையும் மதிக்க வேண்டும். பாட்டுக் கேட்டு வாடிக்கையாளர் எழுந்து ஆடுவதற்கென்று அவர் வாங்க வேண்டிய கேபரே உரிமம் என்று எதுவும் இல்லை.